அடிபட்டவர் நஷ்டஈடு கேட்பது எப்படி? வணிகர்கள் அறிய வேண்டியவை

வரி, லைசென்ஸ், எடைக்கல் முத்திரை, சரக்கு விலை பற்றியெல்லாம் நம் இதழில் அடிக்கடி எழுதுகிறோம். விடியற்காலை நாலு மணிக்கு மொபெட்டை எடுத்துக்கொண்டு சரக்குப் பிடிக்கப் போகும் வியாபாரி ரோட்டில் அடிபட்டால் என்ன செய்வது என்பதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. நான் வக்கீல் அல்ல. மளிகை மொத்த வியாபாரி. ஆனாலும் ஒரு வழக்கின் பின்னால் இரண்டு வருடம் அலைந்து தெரிந்துகொண்டதை நம்மவர்களுக்குச் சொல்லிவைப்பது கடமை என்று நினைத்து இதை எழுதுகிறேன். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த வழக்கில் முதல் தப்பைச் செய்தவனே நான்தான்.

எங்கள் தாம்பரம் வட்டாரம் எப்படி வளர்ந்துவிட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆயிற்று. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய 5 நகராட்சிகளையும் 5 பேரூராட்சிகளையும் சேர்த்து மாநகராட்சி ஆக்கினார்கள். 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்தது. ஊர் பெருத்தது, ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டியும் பெருத்தது. கடைக்காரன் மட்டும் அதே மொபெட்டில், முன்னால் ஒரு மூட்டை, பின்னால் ஒரு மூட்டை வைத்துக்கொண்டு அந்த லாரிகளுக்கு நடுவே போய்க்கொண்டிருக்கிறான்.

நடந்தது என்ன?

சேலையூர் பக்கம் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி என்னிடம் பல வருடமாகச் சரக்கு எடுப்பவர். வயது 42. 2022 கடைசியில் ஒருநாள் விடியற்காலை ஒரு வேன் பின்னாலிருந்து இடித்து, இடது காலில் எலும்பு முறிவு. வேன் டிரைவரே தூக்கிக்கொண்டு போய் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். மறுநாள் வேன் முதலாளி வந்து பார்த்தார். மரியாதையாகப் பேசினார். 20,000 ரூபாய் கொடுத்து, "போலீஸ், கோர்ட்டு எல்லாம் வேண்டாம், நமக்குள்ளே முடித்துக்கொள்வோம்" என்றார்.

தம்பி என்னைத்தான் கேட்டார். "அண்ணாச்சி, நீங்க என்ன சொல்றீங்களோ அப்படியே செய்றேன்" என்றார். நானும், "வாங்கிக்கோங்க தம்பி. நாம வியாபாரிங்க. கோர்ட்டு வாசலை மிதிச்சா கடை யாரு பாக்குறது?" என்று சொன்னேன். இருபது ரூபாய் பத்திரத்தில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

பிறகுதான் வினை. காலுக்குள் பிளேட் வைத்து ஆபரேஷன் செய்தார்கள். மூன்று மாதம் கடை சரியாக நடக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கும் மருந்துக்கும் மட்டும் 1,85,000 ரூபாய் ஆயிற்று. மூட்டை தூக்கிய கால் இன்று கோதுமைச் சாக்கை நகர்த்தக்கூட உதவாது. நாற்பது நாள் கழித்துத்தான் போலீசில் புகார் கொடுத்தோம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்!

வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல் மூன்று காகிதத்தை நீட்டினார். ஒன்று, நாள் தாமதமான புகார். இரண்டு, நான் கையெழுத்துப் போடச் சொன்ன பத்திரம். மூன்றாவதுதான் எங்களுக்கே தெரியாதது. ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டில் "வண்டி சறுக்கித் தானே விழுந்தார்" என்று இருந்தது. கொண்டுவந்து சேர்த்த டிரைவர் சொன்னதை அப்படியே எழுதிவிட்டார்கள். அந்த இடத்தில் பூக்கடை வைத்திருந்த அம்மாள் ஒருவர் கண்ணால் கண்டதைக் கூண்டேறிச் சொன்னதால்தான் வழக்கே நின்றது.

இனி, நாம் என்ன செய்திருக்க வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் இரண்டு நாளில் செய்ய வேண்டியவை

1. உயிர்தான் முதல். 108-ஐக் கூப்பிடுங்கள். தமிழக அரசு 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், சேர்ந்துள்ள அரசு, தனியார் ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேர சிகிச்சைக்குப் பணம் கேட்கக் கூடாது. மத்திய அரசும் 2025 மே மாதம் ஒரு திட்டம் அறிவித்தது. அதில் 7 நாள் வரை, 1,50,000 ரூபாய் வரை ரொக்கமில்லா சிகிச்சை உண்டு.

2. ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டில் என்ன எழுதுகிறார்கள் என்று வீட்டு மனிதர் ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். எந்த வண்டி, எந்த இடம், எத்தனை மணி, எப்படி இடித்தது என்பது சரியாக இருக்க வேண்டும். ஏ.ஆர். காப்பி என்று சொல்லும் அந்த ஒரு பக்கத்துக்குக் கோர்ட்டில் உள்ள மதிப்பு, நமக்குப் பேரேட்டின் முதல் பக்கம் மாதிரி.

3. போலீசில் புகார் கொடுத்து எப்.ஐ.ஆர். போடச் சொல்லுங்கள். புகார் கொடுத்தவருக்கு அதன் நகல் இலவசம். அடிபட்டவர் ஆஸ்பத்திரியில் இருந்தால் உறவினரோ, பார்த்தவரோ புகார் கொடுக்கலாம்.

4. வண்டி நம்பர், டிரைவர் பெயர், இன்ஷூரன்ஸ் பாலிசி விவரம் குறித்துக்கொள்ளுங்கள். வண்டியையும் இடத்தையும் போனில் படம் எடுங்கள்.

5. பக்கத்துக் கடைகளின் கேமராப் பதிவை உடனே கேட்டு வாங்குங்கள். பெரும்பாலான கடைக் கேமராக்களில் சில வாரத்துக்குள் பழைய பதிவு தானே அழிந்துவிடும். எங்களுக்கு ஒரு கடைக்காரர் பெட்டியைத் திறந்தே காட்டினார். நாற்பது நாள் ஆகிவிட்டதால் அதில் ஒன்றும் இல்லை.

6. எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். எதிராளி நல்ல மனதோடு செலவுக்குப் பணம் கொடுத்தால், "மருத்துவச் செலவுக்குப் பெற்றது" என்று மட்டும் எழுதிக் கொடுங்கள்.

எங்கே மனுப் போடுவது?

விபத்து நடந்த ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டம் 166-வது பிரிவின்படி, விபத்து நடந்த இடம், அடிபட்டவர் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடம், எதிர்த்தரப்பார் இருக்கும் இடம் ஆகிய மூன்றில் எதற்குரிய தீர்ப்பாயத்திலும் மனுப் போடலாம். திண்டிவனம் அருகே அடிபட்ட தாம்பரம் கடைக்காரர் திண்டிவனத்துக்கு அலைய வேண்டியதில்லை.

காலக்கெடுவில் கவனம் வேண்டும். முன்பு கெடு இல்லாதிருந்தது. 2019 திருத்தத்தின்படி, 1.4.2022 முதல், விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் போடப்பட்டு, தாமதத்தை மட்டும் காரணம் காட்டி மனுக்களைத் தள்ளக் கூடாது என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு வந்தது. அதை நம்பி யாரும் சும்மா இருந்துவிட வேண்டாம். ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுவதே புத்திசாலித்தனம். எங்கள் தம்பிக்கு ஐந்தாம் மாதம் முடிகிற நேரத்தில்தான் போட்டோம்.

போலீசாருக்கும் கடமை உண்டு. 2022 விதிகளின்படி, 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கை, 50 நாளில் இடைக்கால அறிக்கை, 90 நாளில் விரிவான அறிக்கை ஆகியவற்றைத் தீர்ப்பாயத்துக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் கொடுக்க வேண்டும். அடிபட்டவருக்கு அவருடைய உரிமைகளைச் சொல்லும் படிவத்தை 10 நாளில் தர வேண்டும். ஸ்டேஷனுக்குப் போகும்போது, "விரிவான விபத்து அறிக்கை அனுப்பியாயிற்றா?" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். விவரம் தெரிந்தவர் என்று தெரிந்தால் வேலை கொஞ்சம் சுருக்காக நடக்கும்.

164-வது பிரிவில் வேறொரு வழி இருக்கிறது. யார் மேல் தப்பு என்று நிரூபிக்காமலே மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம்தான். ஆனால் அதை ஏற்றுக்கொண்டால் 166-ன் கீழ்ப் போட்ட பெரிய மனு இரத்தாகிவிடும். ஆகவே கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும். இடித்த வண்டி எதுவென்றே தெரியாவிட்டால் 161-வது பிரிவின்படி மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் உண்டு.

தொகையை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

இது நமக்குப் புரியும் கணக்கு. மருத்துவச் செலவு, போக்குவரத்து, சத்துணவு, கூட இருந்து பார்த்தவர் செலவு, படுத்திருந்த மாதங்களின் வருமான இழப்பு, இனி வரப்போகும் மருத்துவச் செலவு, வலி வேதனை என்று தனித்தனித் தலைப்பு. ரசீது உள்ளதற்கு ரசீதுப்படி கிடைக்கும். எல்லாவற்றிலும் பெரியது, நிரந்தர ஊனத்தால் ஏற்படும் எதிர்கால வருமான இழப்பு.

அதற்கு 2009-ல் உச்ச நீதிமன்றம் சரளா வர்மா வழக்கில் வயதுவாரியாகப் பெருக்கு எண் வகுத்தது. 36 முதல் 40 வயதுக்கு 15, 41–45-க்கு 14, 46–50-க்கு 13, 51–55-க்கு 11, 56–60-க்கு 9, 61–65-க்கு 7, அதற்கு மேல் 5. 2017 பிரணய் சேத்தி தீர்ப்பின்படி சுயதொழில் செய்பவருக்கும் எதிர்கால வருமான உயர்வு சேர்க்க வேண்டும். 40 வயதுக்குள் 40 சதவீதம், 40 முதல் 50 வரை 25 சதவீதம், 50 முதல் 60 வரை 10 சதவீதம்.

தம்பியின் கணக்கையே பார்ப்போம். கடையில் மாதம் 20,000 ரூபாய் நிற்கும். அதோடு 25 சதவீதம் சேர்த்தால் 25,000. வருடத்துக்கு 3,00,000. பெருக்கு எண் 14-ஆல் பெருக்கினால் 42,00,000. தொழிலைப் பாதிக்கும் ஊனம் 20 சதவீதம் என்றால் 8,40,000 ரூபாய்.

ஆனால் வருமானத்துக்கு ஆதாரம் எங்கே? தம்பி வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ததே இல்லை. சரக்கு எடுத்ததற்குப் பாதி நாள் துண்டுச்சீட்டுதான். அந்தத் துண்டுச்சீட்டைக் கொடுத்தவனும் நான்தான்! ஆதாரம் இல்லாவிட்டால் தீர்ப்பாயம் தானாக ஒரு உத்தேச வருமானம் வைக்கும். 12,000 என்று வைத்தால், அதே கணக்கு 5,04,000 ஆகிவிடும். ஒரு காகிதம் இல்லாததால் 3,36,000 ரூபாய் போயிற்று. வரி வராத வருமானமாக இருந்தாலும் வருடாவருடம் கணக்குத் தாக்கல் செய்யுங்கள். பில் போட்டுச் சரக்கு எடுங்கள். வங்கிக் கணக்கில் வரவு செலவு காட்டுங்கள். மொத்த வியாபாரிகளும் சில்லறைக் கடைக்காரருக்குப் பில் கொடுங்கள். அவருக்கு ஆபத்துக் காலத்தில் அதுதான் சாட்சி.

ஊனச் சதவீதத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. டாக்டர் "காலுக்கு 40 சதவீதம்" என்று எழுதினால் அது அப்படியே வருமான இழப்பு ஆகாது. அந்த ஊனம் அவர் செய்யும் தொழிலை எவ்வளவு பாதிக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும் என்று 2010-ல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உட்கார்ந்து கணக்கு எழுதுபவருக்கும் மூட்டை தூக்கி நிற்கும் மளிகைக்காரருக்கும் ஒரே கால் முறிவு ஒரே நஷ்டமல்ல. ஆகவே கடையில் நீங்கள் என்னென்ன வேலையை உங்கள் கையால் செய்கிறீர்கள் என்பதை வாக்குமூலத்தில் விளக்கமாகச் சொல்லுங்கள். கடை திறந்திருக்கிறதே என்று எதிர்த்தரப்பு கேட்கும். அதற்காக வைத்த ஆளின் சம்பளச் சீட்டைக் காட்டுங்கள்.

வக்கீல், லோக் அதாலத்

"கேஸ் ஜெயித்தால் வரும் தொகையில் இத்தனை பங்கு" என்று பேசுவது பார் கவுன்சில் விதிப்படி கூடாது. பீஸ் எவ்வளவு என்று முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரி வாசலில் தேடி வந்து வக்காலத்தில் கையெழுத்துக் கேட்கும் இடைத்தரகரை நம்பாதீர்கள். வசதி இல்லாதவர், பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் உண்டு.

லோக் அதாலத்தில் சீக்கிரம் முடியும். ஆனால் அங்கே முடிந்தால் அப்பீல் கிடையாது. தீர்ப்பாயத்தின் தீர்ப்பு பிடிக்காவிட்டால் 90 நாளில் ஐகோர்ட்டுக்குப் போகலாம். எங்கள் தம்பி 2024-ல் லோக் அதாலத்தில் 3,60,000 ரூபாய்க்குச் சம்மதித்தார். கடனும் வட்டியும் கழுத்தை நெரித்தன. இன்னும் இரண்டு வருடம் காத்திருக்க அவரால் முடியவில்லை.

வண்டி வைத்திருக்கும் வணிகருக்கு

நாம் அடிபடுபவர் மட்டுமல்ல. நம் வண்டி பிறரை இடிப்பதும் உண்டு. இன்ஷூரன்ஸ் இல்லாவிட்டால் முழுத் தொகையும் நம் தலையில்தான். டிரைவருக்குச் செல்லத்தக்க லைசென்ஸ் இல்லாவிட்டால், கம்பெனி முதலில் பணத்தைக் கட்டிவிட்டு நம்மிடம் வசூலிக்கலாம். 7,500 கிலோவுக்கு உட்பட்ட சிறு சரக்கு வண்டியை இலகு ரக லைசென்ஸ் உள்ளவர் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. இது நம்மில் பலருக்கு நிம்மதி.

சரக்கு வண்டியில் சரக்கின் சொந்தக்காரரோ அவருடைய பிரதிநிதியோ கூடப் போனால் பாலிசியில் பாதுகாப்பு உண்டு. வழியில் ஏற்றிக்கொண்ட ஆளுக்குக் கிடையாது. ஆகவே சரக்கோடு போகும்போது பில் கையில் இருக்கட்டும்.

நம் மூட்டை தூக்கும் தொழிலாளிக்கு வேலையின்போது அடிபட்டால், முதலாளியான நாமே கொடுக்க வேண்டும். 2025 நவம்பர் வரை இதற்கு 1923-ம் வருட ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் இருந்தது. அந்தச் சட்டத்தில் நிரந்தர முழு ஊனத்துக்குக் குறைந்தது 1,40,000, மரணத்துக்கு 1,20,000 என்று இருந்தது. ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் 12 சதவீத வட்டியும், 50 சதவீதம் வரை அபராதமும் அதில் சேர்ந்தன. ரோட்டு விபத்தாக இருந்தால் ஊழியர் இழப்பீட்டு வழியிலோ மோட்டார் சட்டத்திலோ ஒன்றில்தான் அவர் கேட்க முடியும். நமக்காக உழைப்பவருக்கு இதற்கென ஒரு பாலிசி எடுத்து வைப்பது தர்மமும்கூட.

தானே சறுக்கி விழுந்தால் யார் மேலும் வழக்குப் போட முடியாது. அதற்குத்தான் வண்டிச் சொந்தக்காரர் ஓட்டும்போது 15 லட்சத்துக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு. சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க அதை விட்டுவிடாதீர்கள். ஹெல்மெட்டையும் விடாதீர்கள். தலையில் அடிபட்டவரின் நஷ்டஈட்டில், ஹெல்மெட் இல்லை என்று ஒரு பங்கைக் குறைப்பதும் உண்டு.

சாட்சி சொல்லத் தயங்காதீர்கள்

கடைசியாக ஒரு வேண்டுகோள். ரோட்டோரம் கடை வைத்திருப்பவர் நாம். விபத்தை முதலில் பார்ப்பவரும் நாம்தான். "நமக்கு ஏன் வம்பு" என்று ஷட்டரைப் பாதி இறக்கிவிடுகிறோம். அடிபட்டவருக்கு உதவுபவர் மேல் வழக்கு எதுவும் வராது என்று மோட்டார் சட்டம் 134ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது. அவர் தன் பெயர், விலாசம் சொல்லக் கட்டாயமில்லை. அந்தப் பூக்கடை அம்மாள் ஒருநாள் வியாபாரத்தை விட்டுவிட்டுக் கோர்ட்டுக்கு வந்தார். பஸ் காசுகூட எங்களிடம் வாங்கவில்லை. "நாளைக்கு என் பையன் விழுந்தா நாலு பேர் சொல்ல வேணாமா அண்ணே?" என்றார்.

தம்பி இப்போது கடையில் முக்காலி போட்டு உட்கார்ந்து வியாபாரம் செய்கிறார். மூட்டை தூக்க ஒரு பையன் இருக்கிறான். என்னை அவர் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. "வாங்கிக்கோங்க தம்பி" என்று நான் சொன்ன ஒரு சொல்லுக்கு ஆன விலை என் பற்று வரவில் எங்கும் எழுதப்படவில்லை. என் மனதில் இருக்கிறது.

சங்க உறுப்பினர்கள் மேலே சொன்ன ஆறு குறிப்பையும் ஒரு தாளில் எழுதிக் கல்லாப்பெட்டியின் உள்மூடியில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் உள்ளவர்களிடமும் சொல்லி வையுங்கள். அடிபட்டுக் கிடக்கும்போது நமக்கு நினைவிருக்காது, அவர்களுக்கு இருக்கும்.